எதிர்ப்பக்கத்து மழை

அக்காவின் பெயரை எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எழுதிய மறுநாளே ஹூப்ளியிலிருந்து போன் வரும். "என்னைப் பத்தி எழுதுனது இருக்கட்டும். அந்த டிரைவரைப் பத்தி அப்டி எழுதிட்டியே, அவுரு படிச்சா மனசு சங்கடப்படாதா?" என்று கேட்பார். அதனால் டிரைவருக்கும் பெயர் இல்லை, அக்காவுக்கும் இல்லை.

டிரைவர் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஓசூரில், கார்களுக்கும் பைக்குகளுக்கும் உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்துதரும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ் வரும். அக்கா குருபரப்பள்ளியில் ஏறுவார். அவருக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் வாடகைக்கு இருந்த நானும் அங்கேதான் ஏறுவேன். ஒரு நாள் காலையில் பஸ் வரவே இல்லை. ஷிப்டு தொடங்க நேரமாகிறது. கூடி நின்ற பெண்கள் எல்லோரும் டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கையை உயர்த்தினார். வகுப்பில் மாணவி எழுந்து நிற்பதுபோல.

"அவுரு இங்க இல்லைல்ல. அவுரு பக்கத்தை யாரு சொல்றது? நான் சொல்றன். வண்டி பஞ்சர் ஆயிருக்கும். இல்லன்னா வழியில யாருக்கோ அடிபட்டிருக்கும், இவரு தூக்கி ஆஸ்பத்திரில போட்டுட்டு இருப்பாரு. நல்ல மனுசன்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்ததுமே ஒருத்தி கேட்டுவிட்டாள், யாருக்கண்ணா அடிபட்டது என்று. டிரைவர் விழித்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. தூங்கிட்டன்."

பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ராத்திரி தூங்காம வந்தாத்தான் வண்டி ஓட்டறவங்களுக்கு ஆபத்து. நல்லா தூங்குன டிரைவர் கையில போறோம், அதை நெனச்சி சந்தோசப்படுங்க" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

இதுதான் அக்கா. எந்த இடத்தில் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், அந்த ஆள் அங்கே இல்லையென்றால் அக்கா அவர் பக்கம் போய் நின்றுகொள்வார். பெரும்பாலும் அவர் சொல்வது தப்பாகத்தான் இருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. உண்மையைக் கண்டுபிடிப்பது தன் வேலை இல்லை என்பதுபோல இருப்பார். இல்லாத ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பது மட்டும்தான் தன் வேலை.

கேண்டீனில் சாப்பாட்டு நேரம் முழுக்க மாமியார் புராணம்தான் ஓடும். ஒவ்வொருத்தியின் மாமியாருக்கும் அக்கா பரிந்து பேசுவார். வயசாச்சு, முழங்கால் வலி, பையனைப் பிரிஞ்ச வருத்தம், இப்படி ஏதாவது ஒன்று கைவசம் இருக்கும். ஒரு நாள் நான் மடக்கினேன்.

"எல்லா மாமியாருக்கும் பேசுதீக. உங்க மாமியாருக்கு ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லையே."

என்னுடைய விருதுநகர்ப் பேச்சைக் கேட்டால் அக்காவுக்கு முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்க மாமியாருக்கு நான் எதுக்குப் பேசணும்? அது நல்லாவே பேசும்."

அவர் வீட்டில் தெலுங்கு. புருசன் லாரி ஷெட்டில் கணக்குப் பார்த்தவர், அவரோடு பாதி கன்னடம். என்னோடு தமிழ். கோபம் வரும்போது மூன்றும் கலந்து வரும், ஆனால் கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முடிவில் எப்போதும் 'போனீலே' என்பார். போகட்டும் விடு என்பதற்குத் தெலுங்கு. எங்கள் லைனில் இருந்த ஒடிசாப் பெண்கள்கூட அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கம்பெனியில் ஒரு பேச்சு அடிபட்டது. டிகிரி இருந்தால் லைனை விட்டு ஆபீஸ் பக்கம் போகலாம் என்று. நின்று நின்று எனக்குக் கால் நரம்பெல்லாம் புடைத்திருந்த நேரம். தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். நான் சேர்ந்த மறுநாள் அக்காவும் சேர்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கெழமை நீ தனியா பஸ்ஸுல போவியா?" என்றார். காரணம் அது மட்டும் இல்லை. பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, பின்னால் தானாகவே பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர் அவர். அதை அவர் சொல்லவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். பர்கூரிலிருந்து வரும் சார் எங்களைவிட வயதில் சிறியவர், ரொம்பவும் அக்கறையானவர். போர்டில் தேதி எழுதும்போதுகூடச் சாய்ந்துவிடாமல் எழுதுவார். மாணவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். ஒரு பேங்க் கிளார்க் உண்டு, எதைச் சொன்னாலும் 'இது எத்தனை மார்க் சார்?' என்று கேட்பார். பின்பெஞ்சில் சுவரோரம் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் உட்காருவார். ஜூஜுவாடியில் ஒரு குடோனில் செக்யூரிட்டி ஆபீசர். எல்லோரும் ஹவில்தார் அண்ணன் என்போம். அதிகம் பேசமாட்டார். வகுப்புக்கு அவருக்கு முன்னால் யாரும் வந்ததில்லை.

இரண்டாம் வருடப் பாடத்தில் ஒரு போர்க்கவிதை இருந்தது. ஐரோப்பாவில் எங்கோ, நூறு வருடத்துக்கு முந்தைய சண்டை. மழை நிரம்பிய பதுங்குகுழியில் முழங்கால் தண்ணீரில் வீரர்கள் நிற்கிறார்கள். ஒருவன் நனைந்த ரொட்டியைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் காயவைக்கப் பார்க்கிறான். இன்னொருவனின் கால் வீங்கிப்போய் பூட்ஸ் கழலவில்லை, கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். மற்றவர்கள் டப்பாக்களால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றுகிறார்கள். கடைசியில் மழை நிற்கிறது. யாருக்கும் சந்தோசமில்லை. மழை விட்டால் சண்டை தொடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சார் போர்டில் மூன்று தலைப்புகளை எழுதினார். கருப்பொருள், படிமம், முரண். ரொட்டி படிமம், மழை முரண் என்று விளக்கினார். நல்ல விளக்கம். கிளார்க் மார்க்கைக் கேட்டுக்கொண்டார். பிறகு சார், "உங்களை எந்த இடம் தொட்டுச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

கேண்டீன் காண்ட்ராக்டில் இருந்த ஒருவர் ரொட்டியைச் சொன்னார். நான் பூட்ஸைச் சொன்னேன், என் கால் எனக்கு. அக்காவின் முறை வந்தது. கை உயர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், எதிர்ப்பக்கமும் இதே மாரி குழி இருக்குது தான?"

"இருக்கும்மா. அது எதிரிங்களோடது. கவிதையில அது வரலையே."

"அதான் சார் கேக்கறன். கவிதையில இல்ல, ஆனா அவங்க அங்க இருக்கறாங்க. மழை இந்தப் பக்கம் மட்டுமா பெய்யும்? இவங்க மொண்டு ஊத்தற தண்ணி எங்க போவும்? அந்தப் பக்கம். அவங்க சும்மா இருப்பாங்களா? மொண்டு இந்தப் பக்கம் ஊத்துவாங்க. எங்க தெருவுலயும் மழைன்னா இதான் சார் நடக்குது. நாங்க பெருக்கித் தள்ளுனா எதிர்வூட்டுக்குப் போவும், அவங்க தள்ளுனா எங்களுக்கு வரும். மழை விட்டதும் ரெண்டு வூடும் சேர்ந்து கவுன்சிலரைத் திட்டுவோம். அப்ப அந்தக் குழியில இருக்கறவனுக்கும் கால் வீங்கியிருக்கும், அவனும் ரொட்டியைச் சட்டையில வெச்சிருப்பான். அவன் பக்கம் யாரு சார் எழுதறது?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். கேண்டீன்காரர், அந்தப் போர்க்களத்துக் கவுன்சிலர் யாரோ என்று ஒன்றைச் சேர்த்துவிட, இன்னும் பெரிய சிரிப்பு.

பின்பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. ஹவில்தார் அண்ணன் எழுந்து நின்றிருந்தார். புத்தகத்தை மூடினார், பையில் வைத்தார், பையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினார். "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். நடையில் வேகமில்லை. கோபப்படுகிறவர் நடை மாதிரியே இல்லை.

அன்று மாலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் விலகிவிட்டதாக ஒரு வரி வந்தது. சார் போன் செய்தபோது, படிப்பு போதும் சார், வேலை நெருக்கடி என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வாரம் அக்கா பஸ்ஸில் யாருக்காகவும் பேசவில்லை. ஒரு சூப்பர்வைசரை எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அக்கா ஜன்னல் வழியே சூளகிரி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"அவருக்குக் கோவம் வந்தா நீங்க என்ன செய்வீக? எதிரிக்குப் பேசினா பட்டாளத்துக்காரருக்கு ரோசம் வரத்தான செய்யும்" என்றேன்.

"அவுருக்கு ரோசம் இல்லடி. நான் பார்த்தன். வேற ஏதோ." என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இல்லாதவங்களுக்குப் பேசிப் பேசி, பின்னாடி உக்காந்திருக்கறவரை மறந்துட்டன் பாரு. அவுரு அங்கயேதான இருந்தாரு."

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகாமல் ஜூஜுவாடிக்குப் போனோம். கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால், குடோன்களுக்கு நடுவே அவர் வீடு. கதவு திறந்திருந்தது. முறுக்கு மீசையோடு, லுங்கியும் பனியனுமாக, தரையில் சம்மணமிட்டு ஹவில்தார் அண்ணன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே முறத்தில் ஒரு குன்று பூண்டு. அவர் மனைவி ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை வாசலிலேயே தொடங்கினார். "அண்ணா, அன்னிக்கி நான் பேசுனது..."

"உள்ள வாங்க. உக்காருங்க. பூண்டு உரிங்க" என்றார் அவர்.

உட்கார்ந்தோம். உரித்தோம். அவர் மனைவி கன்னடத்தில், வந்தவர்களுக்கு வேலை கொடுக்கிறாரே என்று அவரைத் திட்டினார். அக்கா கன்னடத்திலேயே பதில் சொல்லி அந்தம்மாவைச் சிரிக்கவைத்தார். பிறகு அண்ணன் முறத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க சொன்னது தப்பில்லம்மா. நெசம். அதான் கஷ்டம்."

அக்கா கையை நிறுத்திக்கொண்டார்.

"வடக்க, பனியில ஒரு போஸ்ட்டு. நாங்க இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம். சண்டையெல்லாம் இல்ல, சும்மா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினு இருக்கணும். காத்து அடங்குனா அங்க பேசறது இங்க கேக்கும். அந்தப் பக்கம் ஒருத்தன் இருமுவான். யாருன்னு தெரியாது, மூஞ்சி பாத்ததில்ல. பொழுதுக்கும் இருமுவான். எங்க பசங்க, டேய் அவனுக்கு யாராச்சும் மருந்து குடுங்கடான்னு இங்கருந்து கத்துவாங்க. எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிச்சன்."

ஒரு பூண்டை எடுத்தார். உரிக்கவில்லை.

"குளிர்காலம் முடியறதுக்குள்ள ஒரு நாளு அந்தச் சத்தம் நின்னுபோச்சு. அவ்ளோதான். யாரும் எதுவும் கேக்கல. யாரைக் கேக்கறது? ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. அந்தச் சத்தத்துலயேதான் தூங்கிக்கினு இருந்தன்போல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவகிட்டகூட. நீங்க அன்னிக்கி அந்தப் பக்கத்து ஆளைப் பத்திக் கேட்டீங்க, கிளாசே சிரிச்சுது. எங்க போஸ்ட்டுல சிரிச்ச மாதிரியே இருந்துச்சு. உக்கார முடியல."

அடுப்படியில் நின்ற அவர் மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்து நிலையில் சாய்ந்துகொண்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார்.

"அண்ணா, அது வறட்டு இருமலா, சளி இருமலா?"

அண்ணன் நிமிர்ந்தார். "என்னாது?"

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. வறட்டு இருமலா? நெஞ்சுல கரகரன்னு சளி இருந்துச்சா?"

அவர் கண்ணை மூடினார். உண்மையாகவே கேட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அத்தனை வருடங்களுக்குப் பின்னால் போய்.

"வறட்டு இருமல்தான்."

"அப்ப ஊருக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார் அக்கா உறுதியாக. "எங்க பெரியப்பாவுக்கு இருவது வருசம் வறட்டு இருமல். இருமிக்கினே ரெண்டு கெணறு வெட்டுனாரு. அதுல யாரும் சாவறதில்ல. நின்னு காவல் காக்கற எடத்துல இருமிக்கினே இருந்தா எந்த ஆபீசர் வெச்சிருப்பான்? போடா வூட்டுக்குன்னு லீவு குடுத்திருப்பான். அவன் பொண்டாட்டி கசாயம் வெச்சிக் குடுத்திருக்கும்."

"உங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

"எனக்கு என்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. அவுரு இங்க வந்து சொல்ல முடியாதுல்ல, அதனால நான் சொல்றன்."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை முதலில் அசைந்தது. பிறகு தோள். சத்தமில்லாத சிரிப்பு ஒன்று உடம்பை உலுக்கியது. கண்ணைத் துடைக்கப் பூண்டுக் கையையே கொண்டுபோய்விட்டார். எரிச்சலில் எழுந்து குழாயடிக்கு ஓடினார். அவர் மனைவி பின்னாலேயே துண்டோடு ஓடினார். இரண்டு பேரும் அங்கே கொஞ்சநேரம் நின்றார்கள். என்ன பேசினார்களோ, லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பூண்டு என்றார். நாங்களும் பூண்டு என்றோம்.

அடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்னாலேயே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதையை அக்கா வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் கண்ணாலேயே உத்தரவு போட்டுவிட்டார். பரீட்சை வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் ஜூஜுவாடி வீட்டில்தான் படித்தோம். படிப்பு பாதி, பூண்டும் எலுமிச்சையும் பாதி. புத்தகத்தைப் பிரித்தால் ஊறுகாய் வாசம் வரும்.

பரீட்சையில் அந்தக் கவிதையே கேள்வியாக வந்தது. படிமங்களை விளக்குக என்றுதான் கேட்டிருந்தார்கள். அண்ணன் மணியடிக்கும்வரை எழுதினார். அக்கா அவருக்கு முன்பே எழுதி முடித்து, காற்றாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிவு வந்தது. எங்கள் சென்டரிலேயே அந்தத் தாளில் அண்ணனுக்குத்தான் அதிக மார்க். நான் தேறிவிட்டேன். அக்கா அந்த ஒரு தாளில் மட்டும் தேறவில்லை.

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னம்மா எழுதினீங்க?"

"எதிர்க்குழியைப் பத்தி எழுதினேன் சார்."

"பூராவுமா?"

"எடம் பத்தல சார். இன்னொரு பேப்பர் கேட்டு வாங்குனன்."

எனக்கு அழுகை வந்தது. டிகிரி முடியும்வரை காத்திராமல், அந்த இரண்டாம் வருட முடிவை வைத்தே ஆபீஸ் பக்கத்துக்கு ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அந்த வருட வாய்ப்பு போயிற்று. அண்ணனுக்கோ தாங்கமுடியாத கோபம். அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டது அன்றுதான்.

"மறுபடி திருத்தச் சொல்லி எழுதிப் போடுவோம். எவ்ளோ படிச்சிருப்பீங்க, எத்தனை நாளு? அந்தத் திருத்துன ஆளுக்கு மனசே இல்லையா?"

"அப்டிச் சொல்லாதீங்கண்ணா" என்றார் அக்கா. "அவுரு என்னா பண்ணுவாரு பாவம். படிமத்தைக் கேட்டாரு, நான் பக்கத்து ஊர்க் கதை எழுதி வெச்சிருக்கன். நூறு பேப்பர் திருத்தி, கண்ணு எரிஞ்சி, டீயும் ஆறிப் போயிருக்கும். அந்த நேரத்துல என்னுது வந்திருக்கும். போனீலே."

"திருத்துனவனுக்கும் நீங்கதான் வக்கீலா?" என்று அண்ணன் கத்தினார். கத்திவிட்டு அவரே சிரித்தார். ஆனால் விடவில்லை. அன்றே குடோனில் அட்டை ஒன்றை வெட்டி எடுத்துவந்து, முன்னுரை, ரொட்டி, பூட்ஸ், மழை, முடிவுரை என்று கட்டம் போட்டுக்கொடுத்தார். வாராவாரம் ஒப்பிக்கச் சொன்னார். வரிசை மாறினால் முதலிலிருந்து சொல்லவேண்டும். அக்கா சிணுங்கிக்கொண்டே சொன்னார். அண்ணன் மனைவி, இது வீடா பட்டாளமா என்று கேட்டுக்கொண்டே போவார்.

மறுபரீட்சை நாளில் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்து கேட்டுக்கு எதிரே, வேப்பமர நிழலில், தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தே இருந்தார். நான் அரை ஷிப்டு முடித்து ஓடிவந்து சேர்ந்துகொண்டேன். நல்ல வெயில். அக்கா வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது.

"எப்டிம்மா?"

"கேட்டதுக்கு மட்டும் எழுதியிருக்கன். கை விட்டுப் போச்சுண்ணா. டீ வாங்கிக் குடுங்க."

அந்தத் தாளில் அக்கா தேறினார். ஆபீஸ் பக்கம் போவதற்குள் புருசனுக்கு ஹூப்ளியில் வேலை அமைந்து, குடும்பத்தோடு போய்விட்டார். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் இருக்கிறார். எந்தப் பையன் லேட்டாக வந்தாலும் அவன் சார்பில் இவரே காரணம் சொல்லிவிடுகிறாராம். தலைமையாசிரியை பாவம் என்று நான் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் பேசறதுக்கு ஆளு வேணும்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மறுபரீட்சை நாளின் அந்த டீக்கடையைத்தான். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வடை வந்தது, டீ வந்தது. அக்கா பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், யாரும் ஒன்றும் கேட்காமலே, ஹவில்தார் அண்ணன் கண்ணாடி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்க போஸ்ட்டுல ஒரு சமையக்காரன் இருந்தான் பாருங்க, மலையாளத்தான். அவன் ஒரு நாளு பனியைக் கொதிக்கவெச்சி சாம்பார் பண்றேன்னு..."

சாம்பார் என்ன ஆனது என்று அவரால் சொல்லி முடிக்க முடியவில்லை. அதற்குள் அவருக்கே அவ்வளவு சிரிப்பு.